கெண்டிக்குள் சாத்திய கதவு

கட்டபெட்டு தாண்டியதும் ஜீப் தார்ச்சாலையை விட்டு விலகி, தேயிலைக்கு நடுவே போகிற மண்பாதையில் இறங்கியது. ஆடிச் சாரல். மழை என்றும் சொல்ல முடியாது, மூடுபனி என்றும் சொல்ல முடியாது; முகத்தில் ஈரமாய் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஷாயிஸ்தா வண்ணப் பெட்டியை மடியில் வைத்து, துணி சுற்றிய கேன்வாஸை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருந்தாள். படம் வரைவதற்கான மடக்கு ஸ்டாண்ட் பின்னிருக்கையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடத்தது.

"ரெண்டு மூணு நாள்னா சரி. அதுக்கு மேல இழுக்காதே," என்றான் ஜீப்பை ஓட்டிவந்த அவள் கணவன் ஜாகீர். "மழை வலுத்தா இந்தப் பாதை நிக்காது."

"வெள்ளியை அவசரத்துல வரைய முடியுமா? கண்ணு பழகவே ஒரு நாள் வேணும்."

"பாத்திரக்கடைக்காரர் பொண்ணு. உனக்குமா கண்ணு பழகணும்?"

அவள் சிரித்தாள். ஊட்டி மார்க்கெட்டில் அவள் அத்தா நூர் முகமதுவுக்கு எவர்சில்வர் பாத்திரக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். அடுக்கி வைத்த குடங்களில் தன் முகம் நீண்டும் குறுகியும் தெரிவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள், பெரியவளானதும் அதையே வரைய ஆரம்பித்தாள். தூக்குச்சட்டி, பித்தளைச் சொம்பு, கண்ணாடி ஜாடி. அவள் வரைந்த குடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சியாக இல்லையே என்று ஏமாந்தவர்கள் உண்டு.

அதைக் கேள்விப்பட்டுத்தான் திருப்பூர்க்காரர் நவநீதன் போன் செய்திருந்தார். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை வாங்கி, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், நிஜ வெள்ளிங்க, எவர்சில்வர் இல்ல. தொரைக காலத்து டீ கெண்டி. அதுல அந்த டைனிங் ரூம் முழுக்கத் தெரியுதுங்க. ஜன்னல், கதவு, மேல உத்தரம், எல்லாமே. அப்படியே வரைஞ்சு குடுத்தீங்கன்னா அந்த ரூம்லயே மாட்டிருவேன். ஒண்ணே ஒண்ணு, போட்டோ பாத்து வரையாதீங்க. அங்கயே உக்காந்து வரையுங்க."

பங்களாவின் தகரக் கூரையில் சாரல் சன்னமாக ஒலித்துக்கொண்டிருந்தது. வாசலில் குடையோடு நின்றிருந்தாள் வேலாமணி. பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரி, நவநீதன் வேலைக்கு வைத்திருக்கும் பெண். கணவன் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான்.

"வாங்கக்கா, உள்ள வாங்க. ஈரத்துல நிக்காதீங்க. ஏனுங்கண்ணா, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமுங்களே?"

பனி இறங்குவதற்குள் போய்விட வேண்டும் என்று ஜாகீர் கிளம்பிவிட்டான். ஜீப்பின் சத்தம் இரண்டாவது வளைவிலேயே பனிக்குள் அமுங்கிப் போயிற்று.

சாப்பாட்டு அறை நீளமாகவும் குளிர்ந்தும் இருந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரை, புதுச் சுண்ணாம்பு வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. நனைந்த சாம்பலின் வாசனை. இடது பக்கம் ஒரே ஒரு பெரிய ஜன்னல். அதில் புதிதாகக் கனமான இரும்புக் கம்பிகள்.

"கரடிக்குங்க," என்றாள் வேலாமணி. "போன மாசம் சமையக்கட்டுக்குள்ள பூந்து எண்ணெ டின்னைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அப்பறம்தான் எல்லா ஜன்னலுக்கும் கம்பி வெச்சாங்க."

அறைக்கு ஒரே கதவு. கறுத்த தேக்கு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். உட்பக்கம் தாழ்ப்பாளோ கைப்பிடியோ எதுவும் இல்லை.

மேசை நடுவில் கெண்டி இருந்தது. வயிறு பெருத்து, மூக்கு வளைந்து, மூடியின் உச்சியில் ஒரு சின்ன மொட்டு. யாரும் தொடாமல் கிடந்த பொருள் மாதிரி தெரியவில்லை. அவ்வளவு பளபளப்பு.

"நல்லா துலக்கி வெச்சிருக்கியே."

"நானுங்களா? நான் தொட்டதே இல்லீங்கக்கா. செவுத்து அலமாரியத் தொறந்தப்பவே இப்படித்தான் மின்னிட்டு இருந்துச்சு."

ஷாயிஸ்தா கெண்டிக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் மடித்த வெள்ளைத் துணியையும் வைத்தாள். கதவுக்கு முதுகு காட்டி, கெண்டியைப் பார்த்து ஸ்டாண்டை நிறுத்தினாள்.

வெள்ளிக்கு என்று சொந்த நிறம் கிடையாது. வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பல் நிறத்தைப் பூசினால் அலுமினியச் சட்டிதான் வரும். சுற்றியிருக்கும் பொருள்களை, அவை வளைந்தும் நசுங்கியும் தெரிகிற அதே உருவத்தில் வரைந்தால்தான் உலோகம் மின்னும். ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் விளிம்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும். அதை ஒட்டியே, துணிந்து கறுப்பு வைக்க வேண்டும். இருட்டு வைக்கப் பயந்தால் வெளிச்சம் செத்துவிடும். ஷாயிஸ்தாவுக்கு ஒரே ஒரு விதிதான்: தெரிந்ததை வரையக் கூடாது, தெரிவதை வரைய வேண்டும்.

முதல் நாள் பிற்பகல் முழுக்கக் கரித்துண்டால் கோடு போட்டாள். உத்தரம் வில்லாக வளைந்தது. ஜன்னல் கெண்டியின் இடது கன்னத்தில் பிறை மாதிரி ஒட்டியிருந்தது. நடுவில், தூரத்தில், நகத்தின் அளவுக்கு ஒரு கறுத்த கட்டம். கதவு.

அது சாத்தியிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே நடைவழியில் வேலாமணி விளக்குமாற்றோடு போய்க்கொண்டிருந்தாள்.

மறுபடி கெண்டியைப் பார்த்தாள். சாத்திய கதவு.

வளைந்த உலோகம் இல்லாததையெல்லாம் காட்டும். திறந்த கதவின் பலகை கோணலாகத் தெரிந்து, சாத்தியது மாதிரி இருக்கலாம். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், எழுந்து நின்று பார்த்தாள். அப்போதும் சாத்திய கதவுதான். தெரிவதை வரைய வேண்டும். சாத்திய கதவையே கோடு போட்டுக்கொண்டாள்.

அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை சாரல் நின்று, பனி மட்டும் ஜன்னலை வந்து அடைத்திருந்தது. ஓவியத்துக்கு நல்ல வெளிச்சம்; நிழல் ஓடாது, மாறாது. போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கெண்டியின் அடிப்பகுதியில் தொடங்கி, துணியின் வெள்ளையும் எலுமிச்சையின் மஞ்சளும் வெள்ளியில் கரைகிற இடத்தைப் பூசினாள். வேலாமணி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ரேஷன் கடை வரைக்கும் போயிட்டு வந்துர்றேனுங்க. அரிசி போடறாங்களாம். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்."

"போயிட்டு வா. கதவைச் சாத்தாதே."

"சரிங்கக்கா."

காலடிச் சத்தம் நடையில் போய், முற்றத்தில் கரைந்தது.

இனி ஓவியனின் உருவம். பளபளக்கும் பொருளை வரைகிறவர்களுக்கு உள்ள பெரிய தொல்லை அது. எங்கே உட்கார்ந்தாலும் வரைகிறவன் அதன் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வான். ஷாயிஸ்தா எப்போதும் ஒரு சின்னக் கறுப்புத் தீற்றலாகத் தன்னை வைத்துவிடுவாள். தன்னைத் தேடிக் கெண்டிக்குள் பார்த்தாள்.

நாற்காலி தெரிந்தது. ஸ்டாண்டின் மூன்று கால்களும் தெரிந்தன.

நாற்காலியில் யாரும் இல்லை.

கையை உயர்த்தினாள். பிரஷை ஆட்டினாள். கெண்டிக்குள் எதுவும் அசையவில்லை. அங்கிருந்த ஜன்னலிலும் இப்போது கம்பிகள் இல்லை. மரப்பலகைகள் சாத்தி, நடுவில் நூல் போல ஒரு வெளிச்சம் மட்டும்.

கண் களைத்துவிட்டது என்று நினைத்தாள். கண்ணை மூடி, உள்ளங்கையால் அழுத்தித் திறந்தாள். கதவடியில், தரையில், ஏதோ ஒரு கறுப்பு. முதலில் அது கதவின் நிழல் என்றுதான் நினைத்தாள். அது என்ன என்று யோசிக்காமலே, கை பழக்கத்தில், அதையும் பூசினாள். கடைசியாகக் கதவின் வலது விளிம்பில் கறுப்புக் கோட்டை இழுத்து முடித்தாள்.

பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"வேலாமணி?"

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். தேக்கு அசையவில்லை. பிடித்து இழுக்க உட்பக்கம் ஒன்றுமே இல்லை. வழவழப்பான மரம் மட்டும். கைத்தலத்தால் அடித்தாள்.

"வேலாமணி! கதவைத் திற! விளையாடாதே, திற!"

அவள் குரல் அறைக்குள்ளேயே சுற்றிவந்து அடங்கியது. ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிகளுக்கு வெளியே வெள்ளைப் பனி. தேயிலை தெரியவில்லை, பாதை தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக் கத்தினாள். பஞ்சு மூட்டைக்குள் கத்துவது மாதிரி இருந்தது.

எவ்வளவு நேரம் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாளோ. தொண்டை கம்மிவிட்டது. நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கெண்டியைப் பார்த்தாள்.

கதவடியில் இருந்த கறுப்புக்கு முழங்கால்கள் இருந்தன. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கதவில் முதுகு சாய்த்து, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

சட்டென்று திரும்பினாள். கதவடியில் வெறும் தரை.

கெண்டிக்குள் பார்த்தாள். அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள்.

நனைந்த சாம்பல் வாசனை மூக்கில் ஏறியது. ஷாயிஸ்தாவின் உதடுகள் தாமாகவே ஓத ஆரம்பித்தன. சின்ன வயதில் மனப்பாடம் செய்த குர்ஆன் வசனம் பாதியில் நின்று நின்று வந்தது.

பிதுங்கிய உலோகத்தில் தூரத்துப் பொருள் மிகச் சிறிதாக இருக்கும். ஒரு எட்டு நெருங்கினாலும் சட்டென்று பெருத்துவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

நகத்தின் அளவில் இருந்தவள் விரலின் அளவானாள்.

ஷாயிஸ்தா மேசையில் இருந்த வெள்ளைத் துணியைப் பிடுங்கிக் கெண்டியின் மேல் போட்டு மூடினாள்.

அறை இருண்டது.

ஜன்னல் இல்லை. பனியின் வெள்ளை இல்லை. தன் கை தன் முகத்துக்கு முன்னால் இருந்தும் தெரியவில்லை. பட்டப்பகலில், ஒரு கனத்த துணிக்குள் யாரோ தன்னைப் போட்டு மூடியது போல மூச்சு முட்டியது. எங்கோ மிக அருகில் வேறொரு மூச்சும் கேட்டது.

கைகளால் துழாவினாள். எலுமிச்சை உருண்டு விழுந்தது. விரல்களில் துணி அகப்பட்டதும் இழுத்து எறிந்தாள். வெளிச்சம் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் கெண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. கெண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

அழுகை வந்தது. அழுதாள். பிறகு ஸ்டாண்டில் இருந்த படத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்தியது, அதில் கடைசிக் கோட்டை இழுத்த அவள் கை. அப்படியானால் அதைத் திறக்கவும் அந்தக் கைதான் வேண்டும்.

டர்பன்டைனில் துணியை நனைத்துக் கதவின் கறுப்பைத் துடைத்தாள். வெள்ளை வண்ணத்தைத் தொட்டு, திறந்த கதவின் வழியே தெரிகிற வெளிச்சமாக ஒரு கீற்று வைத்தாள். காது கொடுத்தாள்.

ஒன்றுமில்லை.

அது வெளிச்சமாக இல்லை. கறுப்பின் மேல் ஒட்டிய வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. பொய்யான மினுக்கு. மினுக்கில் பொய் சொன்னால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்; கண்ணே நம்பாததைக் கதவு எப்படி நம்பும்? கதவுக்கு அப்பால் என்ன இருந்தது, எந்த நிறத்தில் இருந்தது, அதை நினைவுபடுத்தியாக வேண்டும். நடை. நடையின் மறுகோடியில் தேயிலையைப் பார்த்த திறப்பு. அதிலிருந்து வருவது வெள்ளை வெளிச்சமே இல்லை. பனியில் ஊறிய பச்சைச் சாம்பல் நிறம். அது சிவப்புத் தரையில் விழுந்து, கீழ்ப்பாதி மட்டும் பழுத்த கொய்யாவின் உள்நிறம் போல இருந்தது.

வண்ணத்தைக் கலந்தாள். கதவின் இடத்தை அளவு பார்க்கக் கெண்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

கெண்டி முழுக்க ஒரு முகம்.

மூக்கு பெருத்து, நெற்றி ஒடுங்கி, கன்னங்கள் ஓரங்களுக்கு வழிந்து, வளைந்த உலோகம் எந்த முகத்தையும் செய்கிற கோலத்தில் இருந்தது. கண்கள் மட்டும் நேராக இருந்தன. வாய் வெடித்துக் காய்ந்திருந்தது. அவள் ஷாயிஸ்தாவின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்று, தோளுக்கு மேலாகக் கெண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. ஓட இடமில்லை. கதவு அந்த முகத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது.

ஷாயிஸ்தாவுக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஜன்னல் வெளிச்சத்தை மறைத்து நிற்கிற யாரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"கொஞ்சம் நகருங்க," என்று முணுமுணுத்தாள். "கதவு மறையுது."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அந்த முகம், மெதுவாக, ஒரு பக்கமாக ஒதுங்கியது.

கதவு தெரிந்தது. ஷாயிஸ்தா அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை, வண்ணத்தை மட்டும் பார்த்தாள். பச்சைச் சாம்பலை வைத்தாள். அதன் பக்கத்தில் கதவுப்பலகையின் இருட்டைக் கூட்டினாள். தரையில் கொய்யா நிறம். நிலைப்படியின் ஓரத்தில், ஈரம் மின்னுகிற இடத்தில், ஊசி முனையளவு ஒரு வெளிச்சப் புள்ளி.

வெளியே இரும்பு உராய்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்தது. அவள் எழுவதற்குள், ஈரமான துணி ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு போயிற்று. ஷாயிஸ்தா அதன் பின்னாலேயே ஓடினாள். நிலைப்படியைத் தாண்டும்போது தன் உடம்பிலிருந்து எதுவோ ஆணியில் மாட்டிய துணி போலப் பின்னுக்கு இழுபட்டுக் கிழிந்தது போல இருந்தது. நடையில் விழுந்தாள்.

"அக்கா! என்னாச்சுங்க?"

வேலாமணி ஓடி வந்து தூக்கினாள். கையில் வெறும் ரேஷன் பை.

"நீ எப்ப வந்தே? எவ்வளவு நேரம் கத்தினேன்..."

"நான் இன்னும் போவவே இல்லீங்களே. கேட்டு வரைக்கும் போனேன், குடையை மறந்துட்டேன்னு திரும்பிட்டேன். கதவு தொறந்துதானுங்க கெடக்குது."

ஆனால் ஷாயிஸ்தாவின் உதடுகள் வெடித்திருந்தன. வேலாமணி தந்த தண்ணீரைச் சொம்போடு குடித்தாள்; இன்னொரு சொம்பும் குடித்தாள். அவள் சொன்னதை நம்பாமல் படத்தைப் பார்க்கப் போன வேலாமணி, கெண்டியின் அடிப்பகுதியை விரலால் தொட்டுவிட்டு வந்தாள். விரலில் வண்ணம் ஒட்டவில்லை. எண்ணெய் வண்ணம் அப்படிக் காய நாலைந்து நாள் ஆகும்.

ஜாகீருக்குப் போன் செய்துவிட்டு இருவரும் சமையலறை அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்கள். வேலாமணி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சொல்லக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காருங்க, வர்றவங்க பயந்துக்குவாங்கன்னு. லைன்ல எல்லாருக்கும் தெரியும். தொரை காலத்துல இங்க சுப்பம்மான்னு ஒரு ஆயம்மா இருந்தாங்களாம். வெள்ளிச் சாமானெல்லாம் சாம்பல் போட்டுத் துலக்கறது அவங்க வேலை. கரண்டி ஒண்ணு காணோம்னு, ஒத்துக்கற வரைக்கும் அந்த ரூம்ல போட்டுத் தாழ்ப்பாள் போட்டாங்களாம். அன்னைக்கு மலை சரிஞ்சு, தொரை வீட்டாளுக எல்லாரும் குன்னூருக்கு ஓடிட்டாங்க. தொறந்து உடணும்னு ஒருத்தருக்கும் நெனப்பு வரலீங்க. ரோடு சரியாயி வந்து பாத்தப்ப, அந்தம்மா கெண்டியை மடியில வெச்சுட்டு உக்காந்த மேனிக்கே..."

ஷாயிஸ்தா இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

படத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊட்டிக்குத் திரும்பினாள். அதை எரித்துவிடச் சொல்லி நவநீதனுக்குப் போன் செய்தாள். அவர் சிரித்தார்.

"என்னங்க மேடம், இவ்வளவு நல்லா வரைஞ்சுட்டு! அந்தக் கதவு வெளிச்சம் இருக்குதே, பாத்தவங்க எல்லாம் ஆச்சரியப்படறாங்க. அதே ரூம்ல மாட்டியாச்சுங்க."

அதற்குப் பிறகு அவளுக்கு ஓவியம் வரவில்லை. பிரஷைப் பிடித்தால் விரல்களுக்கு அது யாருடைய பொருளோ போல இருந்தது. ஜாகீர் வற்புறுத்தவில்லை. அவள் அத்தாவின் கடையில் போய் உட்கார்ந்தாள். ஓவியம் வராவிட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. தூசி படிந்த பாத்திரங்களை எடுத்து வைத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மனசு அடங்கியது. தேய்த்து முடித்த பாத்திரத்தில் முகம் பார்ப்பதை மட்டும் தவிர்த்தாள்.

"எங்கம்மா கத்துக்கிட்ட இதை?" என்றார் நூர் முகமது ஒருநாள். "பவுடர் போட்டாக்கூட இந்தப் பளபளப்பு வராது."

வீட்டில் எந்த அறையிலும் கதவைச் சாத்த அவள் விடவில்லை. ஊட்டிக் குளிரில் ஜாகீர் இரண்டு கம்பளி போர்த்திப் படுத்தான்.

புரட்டாசியில் ஒரு நண்பகல். கடையில் கூட்டமில்லை. அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். வேலாமணி போனில் கூப்பிட்டாள். குரல் மிகச் சன்னமாக இருந்தது.

"அக்கா, நீங்க இப்ப எங்கிருக்கீங்க?"

"கடையில. ஏன் வேலாமணி?"

"ஊட்டியிலயா? நெசமாவா?"

"நெசமாத்தான். என்ன ஆச்சு?"

"படத்துல கதவு சாத்தியிருக்குதுங்க. இப்பத்தான் கூட்டறப்பப் பாத்தேன். பயந்துட்டு வெளிய ஓடியாந்தேன். நான் நடைக்கு வந்ததும் ரூம் கதவு தானா சாத்திக்கிச்சு. என் கண்ணு முன்னால தாழ்ப்பாள் உழுந்துச்சுங்க, ஆருமே தொடலை."

ஷாயிஸ்தாவின் கையிலிருந்த துணி நின்றது. "உள்ள யாராவது இருக்காங்களா?"

"ஆருமில்லீங்க. தங்கறவங்க நேத்தே போயிட்டாங்க. ஆனா..." வேலாமணி குரலை இன்னும் தாழ்த்தினாள். "உள்ளேருந்து கதவைத் தட்டறாங்கக்கா."

"போனைக் கதவுகிட்ட வை."

உடை உரசும் சத்தம். பிறகு மரத்தில் கைத்தலம் அடிக்கும் சத்தம், விட்டுவிட்டு, சோர்ந்து. அதற்கு நடுவே கம்மிப் போன ஒரு பெண்குரல்.

"வேலாமணி... கதவைத் திற... விளையாடாதே, திற..."

கடைக்கு வெளியே யாரோ பாத்திரத்தின் விலை கேட்டார்கள். ஷாயிஸ்தாவின் காதில் விழவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.

"யார் நீ?" என்றாள் போனில், உரக்க.

தட்டல் நின்றது.

"வெளிய யாரு?" என்றது உள்ளிருந்த குரல். "என் குரல்ல பேசறது யாரு? வேலாமணி, அவளை நம்பாதே. அவ வெளிய போயிட்டா. நான் இன்னும் இங்கேதான் இருக்கேன். ஜாகீருக்குச் சொல்லு. எங்க அத்தாவுக்குச் சொல்லு."

போனில் சாரல் விழும் சத்தம் கேட்டது. ஷாயிஸ்தா துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா," என்றாள் வேலாமணி, கிசுகிசுப்பாக. "அப்ப நீங்க ஆரு?"